பாறையின் பிறப்பும் பெயரும்

கிணறு வெட்டுவோரிடம் "அடியில் என்ன கல் இருக்கிறது?" என்று வினவினால், பெரும்பாலும் "கருங்கல்" என்னும் விடையே கிடைக்கும். உறுதியான கல் என்பதை அச்சொல் நன்கு உணர்த்துகிறது. ஆயினும் நிலவியல் நோக்கில் அஃது ஒரு தனிப் பாறையின் பெயரன்று. செந்நிறமோ சாம்பல் நிறமோ கொண்ட கிரானைட்டு, வரிவரியாகத் தோன்றும் நைஸ், உண்மையிலேயே கறுத்த பசால்ட்டு ஆகிய மூன்றும் அந்த ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன. பிறப்பாலும் இயல்பாலும் வேறுபட்ட இவற்றை ஒன்றெனக் கொள்வதால் வரும் இழப்புச் சிறிதன்று. கிரானைட்டில் நீர் தேடும் முறை வேறு. பசால்ட்டில் நீர் தேடும் முறை வேறு. இதனை அறியாமல் ஆழப்படுத்திய கிணறு வறண்டு கிடக்க, அதற்காக வாங்கிய கடன் மட்டும் உழவர் தலையில் வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே, பாறைகளை வகைப்படுத்துதல் ஆராய்ச்சிக் கூடத்திற்கு மட்டும் உரிய கல்வியன்று. களத்தில் பணிபுரிவோருக்கும், அவர்தம் மக்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கும் அது பயன்தரும் கருவியாகும். இவ்வகைப்பாட்டின் அடிப்படை ஒன்றே: பாறைக்குப் பெயர் அதன் நிறத்தால் அமைவதில்லை, பிறப்பால் அமைகிறது. பிறப்பை அறிந்தால், அது நீரைத் தாங்குமா, எவ்வகை மண்ணாக மாறும், கட்டடத்திற்கு ஏற்றதா என்பவற்றை ஓரளவு முன்கூட்டியே உய்த்துணரலாம்.

பாறையும் கனிப்பொருளும்

கிரானைட்டுத் துண்டு ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தால் மூவகைப் பொருள்கள் கண்ணுக்குப் புலனாகும். கண்ணாடிபோல் மங்கலாக ஒளிர்வது குவார்ட்ஸ். ஊர்ப்புறங்களில் வெங்கச்சங்கல் எனப்படுவது இதுவே. வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகங்களுடன் தோன்றுவது பெல்ஸ்பார். மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து மினுமினுப்பது அப்பிரகம். இதனைக் காக்காய்ப்பொன் என்றும் வழங்குவர். இவை ஒவ்வொன்றும் ஒரு கனிப்பொருள்; இவை கூடி அமைந்தது பாறை. எழுத்துகள் சில, அவை கூடி உண்டாகும் சொற்களோ பல. அதுபோலவே சில கனிப்பொருள்களின் சேர்க்கையால் எண்ணற்ற பாறைகள் தோன்றுகின்றன. புவியின் மேலோட்டில் எடையளவில் ஏறக்குறைய முக்காற்பங்கு ஆக்சிஜனும் சிலிக்கனும் ஆகிய இரு தனிமங்களே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஆனால் கனிப்பொருள்களை எண்ணிக் காட்டுவதுடன் பாறையின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. அவை எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்பதே முதன்மையான வினா. உருகிய குழம்பிலிருந்து உறைந்தனவா, நீராலும் காற்றாலும் கொணரப்பட்டுப் படிந்தனவா, அன்றி முன்பிருந்த பாறையே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேறுருக் கொண்டதா? இம்மூன்று விடைகளுக்கேற்பப் பாறைகள் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என மூன்று குலங்களாகப் பகுக்கப்படுகின்றன.

இம்மூன்று குலங்களையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பத்தக்க இடம் ஒன்று நம் நாட்டின் நடுவே உள்ளது. மத்தியப் பிரதேசத்தில் நருமதையாற்றின் கரையை அடுத்துள்ள ஜபல்பூர் நகரமும் அதன் சுற்றுப்புறமுமே அவ்விடம். அங்குள்ள பாறைகளைத் துணைக்கொண்டு இவ்வகைப்பாட்டினை விளக்குவோம்.

தீப்பாறைகள்

ஜபல்பூரின் ஒரு புறத்தே மதன் மகால் குன்றுகள் எழுகின்றன. கோண்டு அரசர் காலத்துச் சிறு கோட்டை ஒன்று அங்கே பெரும் பாறையின்மேல் அமர்ந்துள்ளது. இக்குன்றுகள் கிரானைட்டால் ஆனவை. இதன் மணிகள் பருத்திருப்பதற்குக் காரணம், இப்பாறைக்குழம்பு நிலத்தின் மேற்பரப்புக்கு வாராமல், ஆழத்திலேயே மிக மெதுவாகக் குளிர்ந்தமையாகும். சர்க்கரைப் பாகினை அசையாமல் நெடுநாள் வைத்தால் பெரிய கற்கண்டுக் கட்டிகள் விளைகின்றன. விரைவில் கிளறி ஆற்றினால் பொடிச் சர்க்கரையே எஞ்சுகிறது. பாறைக்குழம்பின் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே.

அதே நகரின் வேறு சில குன்றுகளின் உச்சியில் கறுத்த, நுண்ணிய மணிகளையுடைய பசால்ட்டைக் காணலாம். இது நிலப் பிளவுகளின் வழியே வெளிப்போந்து, ஏறத்தாழ 1,100 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்துடன் பரவி, காற்றுப்பட்டு விரைவில் உறைந்த எரிமலைக் குழம்பாகும். தக்காண டிராப் எனப்படும் பெரும் பாறைத் தொகுதியின் வடகிழக்குப் பகுதி இது. 'டிராப்' என்பது படிக்கட்டு எனப் பொருள்படும் சுவீடன் நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. குழம்பு அடுக்கின்மேல் அடுக்காகப் பரவியமையால் மலைகள் படிகளைப் போல் தோன்றுகின்றன. இத்தொகுதி இன்றும் ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட கனமுடைய இது, ஜபல்பூரை நெருங்குகையில் மெலிந்துவிடுகிறது. இக்குழம்பின் பெரும்பகுதி வெளிப்பட்டது ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னராகும்.

கிரானைட்டும் பசால்ட்டும் ஒரே குலத்தவை. ஆயினும் உறைந்த இடமும் உட்பொருளும் வேறு. முன்னதில் சிலிக்கா மிகுதி. பின்னதில் இரும்பும் மக்னீசியமும் மிகுதி. பின்னதன் கருமைக்கும் அதன் பாரத்திற்கும் இதுவே காரணம்.

படிவுப் பாறைகள்

எத்துணை உறுதியான பாறையும் வெயிலாலும் மழையாலும் நாளடைவில் நைந்து சிதைகிறது. மழைநீரில் கரைந்த கரியமிலவாயு பெல்ஸ்பாரை மெல்லத் தாக்கிக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் மட்டும் எளிதில் சிதையாது மணலாக எஞ்சுகிறது. ஆறுகள் இவற்றைச் சுமந்து சென்று தாழ்ந்த நிலங்களிலும் ஏரிகளிலும் கடலிலும் படிய வைக்கின்றன. மேலே படிவன கீழுள்ளவற்றை அழுத்த, இடையே ஊடுருவும் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்போ சிலிக்காவோ மணிகளை ஒட்டவைக்க, மணல் மணற்கல்லாகவும் களிமண் களிக்கல்லாகவும் இறுகுகின்றன. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து படிந்தும், சிப்பி முதலிய உயிர்களின் ஓடுகள் குவிந்தும் சுண்ணாம்புக்கல் உண்டாகிறது. இராணிகஞ்சு, ஜாரியா ஆகிய இடங்களின் நிலக்கரியும் பண்டைத் தாவரங்கள் புதைந்து இறுகிய படிவே.

ஜபல்பூருக்கு அருகே நருமதைக் கரையிலுள்ள லமேட்டா காட் என்னும் துறையின் பெயரால் 'லமேட்டா படிவுகள்' என வழங்கும் மணற்கற்களும் சுண்ணாம்புக் கற்களும் களிக்கற்களும் இக்குலத்தவை. 1828ஆம் ஆண்டில், ஸ்லீமன் என்னும் படை அதிகாரி ஜபல்பூரிலுள்ள பாரா சிம்லாக் குன்றில் கல்லாய் மாறிய பேரெலும்புகளைக் கண்டெடுத்தார். அவற்றை ஆராய்ந்த லைடெக்கர் என்னும் அறிஞர், 1877இல் அவ்விலங்கிற்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் எனப் பெயரிட்டார். எரிமலைக் குழம்பு பரவிவரும் முன்னர் அந்நிலத்தில் டைனசோர்கள் உலவியமைக்கு இதுவே முதற் சான்று. பின்னர் அவற்றின் முட்டைகளும் லமேட்டா படிவுகளில் கிடைத்தன. உயிர்களின் எச்சங்களைப் பேணிக் காப்பவை பெரும்பாலும் படிவுப் பாறைகளே என்பது ஆசிரியர்கள் மாணவர்க்கு வலியுறுத்தத்தக்க செய்தியாகும்.

உருமாறிய பாறைகள்

ஜபல்பூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் பேடாகாட் உள்ளது. அங்கே நருமதை, 'துவாந்தார்' அருவியாக வீழ்ந்து, வெண்ணிறச் சலவைக்கல் சுவர்களின் நடுவே குறுகிய பள்ளத்தில் ஓடுகிறது. இச்சலவைக்கல் எக்காலத்தும் இவ்வாறே இருந்ததன்று. தொடக்கத்தில் அது கடலடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு. பின்னர் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லாகிய டாலமைட்டு. புவியோட்டின் அசைவுகளால் ஆழத்தில் அமிழ்ந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அதன் நுண்மணிகள் மீண்டும் படிகங்களாய் வளர்ந்து, ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்தின. அப்போது அது சலவைக்கல்லாயிற்று.

இம்மாற்றத்தின்போது பாறை உருகுவதில்லை என்பதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சூளையில் இட்ட பச்சைச் செங்கல் உருகாமலே வேறு பொருளாகிறதன்றோ? அதுபோலப் பாறையும் திட நிலையிலேயே உருமாறுகிறது. ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடுந்தோறும் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை உயர்கிறது. ஏறத்தாழ 200 டிகிரியைக் கடந்தபின் உருமாற்றம் தலைப்படுகிறது. உருகிவிட்டாலோ அது உருமாறிய பாறையாகாது; மீண்டும் தீப்பாறைக் குலத்தைச் சேர்ந்துவிடும்.

ஒரு புறமிருந்து அழுத்தம் மிகும்போது, தட்டையான கனிப்பொருள்கள் ஒரே திசையில் வரிசைப்படுகின்றன. களிக்கல் இவ்வாறு பலகைக்கல்லாகிறது. கிரானைட்டு வரிகளையுடைய நைஸாகிறது. சலவைக்கல்லிலும், மணற்கல் மாறி உண்டாகும் குவார்ட்சைட்டிலும் அத்தகைய வரிகள் தெளிவாகத் தோன்றுவதில்லை. சிலிக்கா கலந்த வெந்நீர் டாலமைட்டினுள் ஊடுருவிய இடங்களில் மாக்கல் தோன்றுவதும் உண்டு. கற்சட்டி செய்யப் பயன்படும் மாக்கல் நம் இல்லங்களில் பழக்கமானதே. பேடாகாட்டில் சிற்பத் தொழிலாளர் மென்மையான கற்களைச் செதுக்கிச் சிறு உருவங்கள் செய்து விற்கின்றனர்.

ஒரு குலம் மற்றொரு குலமாதல்

மேலே கூறிய மூன்று குலங்களும் பிறப்பால் அமைந்தவையாயினும், எதுவும் நிலையானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் இவ்வுண்மையை விளக்கிக் கூறினார். 1785ஆம் ஆண்டில் எடின்பரோ நகர அறிஞர் கழகத்தின் முன் அவருடைய கொள்கை வைக்கப்பட்டது. நிலம் தேய்ந்து கடலடியில் படிகிறது. படிந்தது இறுகி மீண்டும் நிலமாக உயர்கிறது. இன்று நம் கண்முன் நிகழும் மெல்லிய மாறுதல்களே நெடுங்காலம் தொடர்ந்து இவ்வளவையும் செய்து முடிக்கின்றன என்பது அக்கொள்கையின் சாரம்.

நருமதையே இதற்குச் சான்று. மதன் மகால் கிரானைட்டு சிதைந்து மணலாகிறது. பசால்ட்டு சிதைந்து கரிசல் மண்ணாகிறது. சலவைக்கல் சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. இவையனைத்தையும் ஆறு மேற்கு நோக்கிச் சுமந்து சென்று காம்பத் வளைகுடாவில் சேர்க்கிறது. அங்கே படிவன ஒருநாள் மணற்கல்லாகவும் களிக்கல்லாகவும் சுண்ணாம்புக்கல்லாகவும் ஆகலாம். புவியோட்டின் பெருந்தட்டுகள் நகரும்போது அவை ஆழத்தில் அமிழ்ந்து உருமாறலாம். மேலும் வெப்பமுற்றால் உருகலாம். அன்றி மலையாக உயரவும் கூடும். எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்களையுடைய சுண்ணாம்புக்கல் இருப்பது இவ்வுயர்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இச்சுழற்சி எப்போதும் ஒரே வரிசையில் நிகழ்வதன்று. தீப்பாறை சிதைந்து படிவாகாமலே நேரே நைஸாகலாம். உருமாறிய பாறை மேலெழுந்து சிதைந்து மணலாகலாம். பாடநூல்களில் வட்டமாக வரைந்து காட்டப்படும் படத்தில், குறுக்கு வழிகளையும் அம்புக்குறியிட்டுக் காட்டுதல் நன்று. இல்லையேல், ஒவ்வொரு பாறையும் அவ்வட்டத்தை முறையாகச் சுற்றியே தீரும் என மாணவர் தவறாகக் கருதக்கூடும்.

காலத்தை அளத்தல்

எது முந்தியது, எது பிந்தியது என்பதை அறியச் சில எளிய விதிகள் உள்ளன. குலையாத அடுக்குகளில் மேலிருப்பது இளையது. ஒரு பாறையை ஊடறுத்துச் செல்லும் பாறை, அறுக்கப்பட்ட பாறையினும் இளையது. ஒரு பாறையினுள் சிக்கிய கல், அதனைச் சூழ்ந்த பாறையினும் மூத்தது. பாரா சிம்லாவில் லமேட்டா படிவுகளின்மேல் பசால்ட்டு அமைந்திருத்தலால், படிவே மூத்தது என்பது பெறப்படும்.

இவ்விதிகள் வரிசையைக் கூறுமேயன்றி ஆண்டுக் கணக்கைக் கூறா. அதற்குக் கதிரியக்கம் உதவுகிறது. கிரானைட்டிலுள்ள சிர்க்கான் என்னும் நுண்படிகத்தில் யுரேனியம் சிறிதளவு இருக்கும். அதன் பெரும்பகுதியாகிய யுரேனியம் 238, ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகளில் பாதி அழிந்து, முடிவில் ஈயமாகிறது. இன்றுள்ள யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்தால், படிகம் தோன்றிய காலம் தெரியும். இத்தகைய அளவீடுகளால், ஜபல்பூரின் கிரானைட்டும் சலவைக்கல்லும் 150 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையவை என அறிகிறோம். லமேட்டா காட் துறையில் பழம்பாறையின்மேல் நேரடியாக லமேட்டா படிவு அமைந்துள்ளது. கைவிரலை அந்த எல்லைக்கோட்டில் வைத்தால், விரலின் அகலத்தினுள் 140 கோடி ஆண்டுகளுக்குக் குறையாத வரலாறு விடுபட்டுக் கிடக்கிறது! அக்காலத்தில் உண்டான பாறைகள் தேய்ந்தழிந்தன. அன்றி அவ்விடத்தில் படியவே இல்லை.

மதன் மகாலில் ஒன்றன்மேல் ஒன்று தொத்தி நிற்கும் உருண்டைப் பாறைகளை ஒருவர் யாரோ தூக்கி வைத்தனவென்று எண்ணக்கூடும். நிலத்தடியில் இருந்தபோதே கிரானைட்டின் வெடிப்புகளில் நீர் புகுந்து, கட்டங்களின் மூலைகளை மூன்று புறமும் தாக்கி உருட்டியது. பின்னர்ச் சிதைந்த மண்ணை மழை அடித்துச் செல்ல, உருண்டைகள் மட்டும் எஞ்சின. 1997ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் ஜபல்பூரைத் தாக்கிய நிலநடுக்கத்திலும் அங்குள்ள புகழ்பெற்ற தொங்குபாறை வீழாது நின்றது.

கிணற்றுக்கு உதவும் அறிவு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய பொருளுக்கு வருவோம். கிரானைட்டின் மணிகள் நெருங்கிப் பொருந்தியிருத்தலால் அவற்றிடையே நீர் தங்க இடமில்லை. மேலே சிதைந்த பகுதியிலும் அதனை அடுத்த வெடிப்புகளிலுமே நீர் உண்டு. ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் பெரும்பாலும் ஒடுங்குகின்றன. ஆதலின் சிதைந்த பகுதி கனத்திருக்கும் இடத்தைத் தேர்தலே தக்கது. உறுதியான பாறையைத் தொட்டபின், வெடிப்பு உண்டென்பதற்குச் சான்று இன்றி மேலும் மேலும் ஆழப்படுத்துதல் பலன் தருவது அரிது.

பசால்ட்டின் இயல்பு வேறு. ஒவ்வொரு குழம்படுக்கின் மேற்பகுதியிலும் ஆவி வெளியேறிய நுண்துளைகளும், நடுப்பகுதியில் கெட்டியான பாறையும் இருக்கும். மேலடுக்கின் கெட்டிப் பகுதியைக் கடந்தால், அடுத்த அடுக்கின் துளையுள்ள மேற்பகுதி எதிர்ப்படலாம். அங்கு நீர் கிடைக்கவும் கூடும். அடுக்குகளிடையே சிலவிடங்களில் காணப்படும் செந்நிறக் களிப்படலம், ஓர் அடுக்கு முடிந்தமைக்கு அடையாளமாகும். எனவே கிரானைட்டில் 'நிறுத்துக' என்று அறிவுறுத்தும் கெட்டிப் பாறை, பசால்ட்டில் எப்போதும் அவ்வாறு அறிவுறுத்துவதில்லை. இரண்டையும் 'கருங்கல்' என ஒரே சொல்லாற் குறித்த பதிவேடு இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

மணற்கல்லில் மணிகளின் இடையே நீர் தங்கும். அதன் அடியில் களிக்கல் இருப்பின் நீர் கீழிறங்காது தடைப்படும். சுண்ணாம்புக்கல்லிலும் சலவைக்கல்லிலும் நீர், கரைந்து உண்டான குழிவழிகளில் ஓடும். அதனால் ஒரு கிணறு பெருக, அடுத்த கிணறு வறண்டிருத்தல் வியப்பன்று. இவையெல்லாம் பொதுவிதிகளே, கிணற்றின் இடத்தை உறுதிசெய்யும் முன் நிலத்தடி நீர் ஆய்வாளரின் கருத்தைக் கேட்டல் வேண்டும்.

களத்தில் செய்யத்தக்க சோதனைகள்

சுத்தி, எஃகுக் கத்தி, கைக்கண்ணாடி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான பாறைகளை இனங்காணலாம். முதலாவதாக, மழையும் வெயிலும் பட்ட மேற்புறத்தை நம்பாது, புதிதாக உடைத்த முகத்தையே பார்க்க வேண்டும். இரண்டாவதாக, மணிகள் ஒன்றையொன்று கவ்வியுள்ளனவா, அன்றி ஒட்டவைத்தாற்போல் உள்ளனவா எனக் காண வேண்டும். ஒட்டியிருப்பின் அது படிவுப் பாறையாகலாம். மூன்றாவதாக, வரி, அடுக்கு, துளை இவற்றை நோக்க வேண்டும்.

வெண்ணிறக் கற்களில் ஏமாற்றம் மிகுதி. நகத்தால் கீறப்படுவது மாக்கல். கத்தியால் கீறப்பட்டு, நகத்தால் கீறப்படாதது சுண்ணாம்புக்கல்லோ சலவைக்கல்லோ ஆகலாம். கத்தியாலும் கீறப்படாதது வெங்கச்சங்கல். அமிலத் துளி பட்டவுடன் பொங்கினால் சுண்ணாம்புக்கல் வகை. பேடாகாட்டுக் கல்லைப் போன்ற டாலமைட்டுச் சலவைக்கல்லோ உடனே நன்கு பொங்காது; பொடியாக்கிச் சொட்டினால்தான் பொங்கும். பொங்கவில்லை என்று அதனை ஒதுக்கிவிடல் தவறாகும். அமிலத்தை மாணவர் கையில் கொடாது ஆசிரியரே கையாளுதல் வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் கிணறு வெட்டப்படும்போது, ஒவ்வொரு 2 மீட்டர் ஆழத்திலும் வெளிவரும் கல்லில் ஒரு கைப்பிடி எடுத்து, ஆழமும் இடமும் நாளும் எழுதிய சீட்டுடன் பையிலிட்டு வையுங்கள். நீர் எந்த ஆழத்தில் ஊறியது என்பதையும் குறியுங்கள். அவற்றை ஊர்ப் பள்ளியில் வரிசையாக வைத்தால், மாணவர்க்கு அது பாறைப் பாடம். அடுத்துக் கிணறு வெட்ட வரும் உழவருக்கு அதுவே வழிகாட்டி. வெட்டி எறிந்த கல் ஒருமுறை சாலையில் கொட்டப்பட்டுவிட்டால், அது எந்த ஆழத்திலிருந்து வந்ததென்பதை எந்த ஆய்வுக் கூடமும் பின்னர்க் கண்டறிந்து கூற இயலாது.